பொட்டலத்தின் பிறந்த தேதி

ஒரு நாயை விமானத்தில் ஏற்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோக என்னென்ன வேண்டும் என்று கேட்டால், நர்ஸம்மா தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பாள். முதலில் தோலுக்கு அடியில் அடையாள நம்பர் உள்ள சிப். சிப் போட்ட பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. அவசரப்பட்டு ஊசியை முந்திப் போட்டால் போட்டது செல்லாது. ஊசி போட்டு முப்பது நாள் ஆனதும் ரத்தம் எடுத்து, ஊசி பலித்ததா என்று பார்க்கக் கடல் தாண்டி இருக்கும் ஒரு லேபுக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் குவாரன்டைன் ஆபீஸில் சான்றிதழ். பெட்டியில் நாய் நின்றால் தலை இடிக்கக் கூடாது, ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்க இடம் வேண்டும். மயக்க மருந்து கூடவே கூடாது.

இதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி, முடிந்ததற்கு நேரே டிக் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். பதினேழு வருஷம் வார்டு பார்த்தவள். நாற்பது பேருக்கு நேரம் தவறாமல் மருந்து கொடுத்த கைக்கு ஒரு நாயின் காகிதம் எந்த மூலைக்கு என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் அவளைக் கவிழ்த்தது.

நாயின் பெயர் பொட்டலம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கிய மகள், நிழற்குடை பெஞ்சுக்கு அடியில் ஒரு பழைய ரெயின்கோட்டில் சுருட்டியபடி கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்பு உயிர், ஒரு காது மட்டும் வெள்ளை. அன்று வீட்டில் நடந்த சண்டை அக்கம்பக்கத்துக்கே தெரியும். சண்டை போட்டது நர்ஸம்மா இல்லை, அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். பெரிதாகக் குரலை உயர்த்தாத மனுஷன், அன்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"நாயெல்லாம் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது! நான் சொல்றதுதான் முடிவு!"

உண்மையில் நர்ஸம்மாவுக்குத்தான் நாய் ஆகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாய்க்கடிக்கு ஊசி போடும் அறையில் நின்றவளுக்கு, அங்கே பார்த்ததெல்லாம் மனசில் தங்கிவிட்டது. கல்யாணமான முதல் வருஷம் அவர் ஆசையாக ஒரு நாய் வளர்க்கலாமா என்று கேட்டபோது, "நான் வேணுமா, நாய் வேணுமா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்தவள் அவள்தான். ஆனால் "நான் சொல்றதுதான் முடிவு" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்குள் ஏதோ சுருக்கென்று ஏறிவிட்டது. அவர் பச்சைத் திரை என்றால் நீலம் வாங்குகிறவள். "ஏன் ஏறக் கூடாது? புள்ள ஆசையாத் தூக்கிட்டு வந்திருக்கா. இருக்கட்டும்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சொன்னது சொன்னதுதான்.

அன்றிலிருந்து மெக்கானிக் அந்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அது" என்பார். "அது சாப்பிட்டாச்சா, அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளு." ஆனால் யார் வந்தாலும் தெருக்கோடி வரைக்கும் குரைக்கும் பொட்டலம், அவரைப் பார்த்து ஒரு நாளும் குரைத்ததில்லை. அவருடைய நீலச் சட்டையில் நாய் முடி ஒட்டியிருக்கும். கேட்டால், "லிஃப்டுல நாலு பேர் நாயோட ஏறுறாங்க, ஒட்டத்தான் செய்யும்" என்பார். வீட்டில் ரொட்டி வாங்கி வைத்த வேகத்தில் தீர்ந்துபோகும். நர்ஸம்மா இதையெல்லாம் பார்த்தாள், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்த நாளும் அப்படித்தான். பெட்டிக்குப் பழக மூன்று வாரம் ஆகும், சில நாய் அழும், சில நாய் கதவைப் பிறாண்டும் என்று நாய் டாக்டர் பயமுறுத்தி அனுப்பியிருந்தார். மெக்கானிக் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெட்டியை வாஷிங் மெஷின் பக்கத்துல வை. மோட்டார் சத்தம் கேட்டா அது தூங்கிடும்" என்றார். வைத்தார்கள். மெஷின் ஓட ஆரம்பித்ததும் பொட்டலம் தானாகவே பெட்டிக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றி, குறட்டை விட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டதற்கு, "ஏதோ தோணிச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விமானம். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வேலைக்குச் சேர வேண்டிய தேதி குறித்தாகிவிட்டது, ஒரு நாள் தள்ள முடியாது. பன்னிரண்டு வயசு மகளோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "பொட்டலம் வரலைன்னா நானும் வரல. பெரியம்மா வீட்டுல இருந்துக்கிறேன்." சொன்னால் செய்கிறவள். அம்மாவின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது என்று அப்பா ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை நர்ஸம்மா குவாரன்டைன் ஆபீஸில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆபீஸரம்மா காகிதங்களை வரிசையாகப் பரப்பினாள். சிப் நம்பரை மூன்றிலும் ஒத்துப் பார்த்தாள். சரி. நிறம், சரி. காது, சரி. அப்புறம் பேனா ஒரு இடத்தில் நின்றது.

"நாய் எப்போ பொறந்துச்சு?"

"ஜூன் பன்னெண்டு."

"சிப் பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. ஊசிப் புத்தகத்துலயும் அப்படித்தான். லேப் ரிசல்ட்ல மே இருபத்தெட்டுன்னு இருக்கே?"

நர்ஸம்மா எழுந்து கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தாள். மே இருபத்தெட்டு என்றுதான் இருந்தது.

ஜூன் பன்னிரண்டு மகளின் பிறந்த நாள். குட்டியை முதன்முதலில் பார்த்த நாய் டாக்டர், ஐந்தாறு வாரம் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொன்னதும், மகள் விரலை மடக்கி எண்ணி, "அப்போ என் பிறந்த நாள்தான் இதுக்கும்!" என்று குதித்தாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஒரே கேக், இரண்டு பேருக்கும். அந்தத் தேதியைத்தான் நர்ஸம்மா எல்லாக் காகிதத்திலும் எழுதினாள். ரத்தம் எடுத்த அன்று மட்டும் அவளுக்கு டியூட்டி. நாயையும், இன்னும் நிரப்பாத லேப் ஃபாரத்தையும் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பினாள். முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்.

"தேதி ரெண்டு இருந்தா நாயும் ரெண்டுன்னு அங்க சொல்லுவாங்க. லேப் பேப்பர்ல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றாள் ஆபீஸரம்மா. முகம் கறாராக இருந்தாலும் குரல் அவ்வளவு மோசமில்லை. "மத்த ரெண்டையும் எழுதினது உங்க டாக்டர். எது சரியான தேதின்னு காரணத்தோட எழுதி, திருத்தி, முத்திரை குத்தித் தந்தார்னா வாங்கிக்கறேன். நாளைக்கு மூணு மணி வரைக்கும்தான். இல்லைன்னா புதுசா ரத்தம் எடுத்து, மறுபடி மூணு மாசம்."

வெள்ளிக்கிழமை காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் கடைசி நாளுக்கு விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் நாயோடு டாக்டரின் அறையில் நின்றார்கள். வழியெல்லாம் நர்ஸம்மா பொரிந்து தள்ளியிருந்தாள். "ஒரே ஒரு ஃபாரம்! ஒரே ஒரு தேதி! வருஷா வருஷம் கேக்கை வெட்டித் தின்னீங்களே, அப்பவாவது மண்டையில ஏறலையா?" அவர் சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். பொட்டலம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தது.

நாய் டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் முத்திரை விஷயத்தில் எமன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொன்னதை நம்பித்தாம்மா ஜூன் பன்னெண்டுன்னு எழுதினேன். இப்போ உங்க வீட்டுக்காரர் எழுதினதுக்காக மே இருபத்தெட்டுன்னு எழுதச் சொல்றீங்க. நாளைக்கு மூணாவது தேதி ஒண்ணு வரும். வசதிக்காக ஒரு தேதியில நான் முத்திரை குத்த மாட்டேன். இந்த நாய் அன்னைக்குத்தான் பொறந்துச்சுன்னு யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா?"

"பெஞ்சுக்கு அடியில கிடந்த நாய்க்கு யார் டாக்டர் பிரசவம் பார்த்தது!" என்றாள் நர்ஸம்மா. அந்த நிமிஷம்தான் அவளுக்கே தெரிந்தது, மகளுக்காக மட்டும் அவள் இத்தனை ஓடவில்லை. டியூட்டி முடிந்து செருப்பைக் கழற்றும்போது பாதத்தில் தாடையை வைத்துப் படுக்கும் அந்த ஜீவன் இல்லாமல் புது ஊரில் ஒரு கதவைத் திறப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாய்க்கடி அறையில் நின்றவள் ஒரு நாய்க்காக நாய் டாக்டர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மூலை மடங்கி, கிரீஸ் படிந்த, கைக்கு அடக்கமான நோட்டு.

"நான் பார்த்தேன்" என்றார்.

கம்பெனியில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பெரிய பதிவேடு உண்டு. அதற்கு மேல் அவருக்கென்று தனியாகப் பாக்கெட் நோட்டு. எந்த லிஃப்ட், என்ன பழுது, எத்தனை மணிக்குக் கை வைத்தார், எத்தனை மணிக்கு ஓடியது, எல்லாம் அதில் இருக்கும். பழைய நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டு வைத்திருந்தார். நேற்று நர்ஸம்மா ஆபீஸிலிருந்து அழுத முகத்தோடு வந்ததும், ஏணி போட்டுப் பரணில் எதையோ குடைந்தது இதற்குத்தானா?

டாக்டர் நோட்டை வாங்கி, பக்கத்தைக் கண்டுபிடித்து, வாய்விட்டுப் படித்தார்.

"மே 28. ஆறு மாடிக் கட்டிடம், பின் லிஃப்ட். காலை 8.15. அடியில் குழிக்குள் தாய் நாய். குட்டி நாலு, ஈரம் காயவில்லை. லிஃப்ட் நிறுத்தம்."

"லிஃப்டுக்கு அடியில ஒரு குழி இருக்கும் டாக்டர்" என்றார் மெக்கானிக். "பராமரிப்புக்கு இறங்குற கதவை யாரோ சரியா சாத்தல. லிஃப்ட் கீழ வர்றப்போ ஒரு கை உயரம்தான் மிஞ்சும். தாய் எழுந்து நின்னா அவ்வளவுதான். தூக்கலாம்னா கடிக்க வருது. அதான் நிறுத்திட்டேன்."

"எத்தனை நாள்?"

"பதினாலு நாள். ரெண்டாவது லிஃப்டை எல்லாரும் முட்டி மோதி ஏறினாங்க. என்னைத் திட்டாத ஆள் இல்ல. கம்பெனிப் பதிவேட்டுல உதிரி பாகம் வரலைன்னு எழுதினேன். இருபது வருஷத்துல நான் எழுதின ஒரே பொய்." அவர் நர்ஸம்மாவைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு ரத்தம் எடுத்த இடத்துல லேப் ஃபாரத்தைக் காட்டி, பொறந்த தேதி எழுதுங்கன்னாங்க. அந்தக் குட்டி விஷயத்துல இன்னொரு பொய் எழுதக் கை வரல. எழுதினதுக்கு அப்புறம்தான் மத்த பேப்பர்ல எல்லாம் வேற தேதின்னு நினைவு வந்துச்சு. வயசு எல்லாம் யார் பார்க்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

டாக்டர் பக்கத்தைத் திருப்பினார்.

"மே 30. தாய்க்குப் பாலும் ரொட்டியும். இன்று கடிக்க வரவில்லை. ஜூன் 3. குட்டி மூணுதான். ஒண்ணைப் பின்னால் மரத்தடியில் புதைத்தேன். ஜூன் 10. மூணும் கண் திறந்தது. வெள்ளைக் காது கடைசியாகத் திறந்தது. ஜூன் 11. தாயோடு மாடிப்படிக்கு அடியில் மாற்றியாச்சு. காலை 9.40 லிஃப்ட் ஓடுகிறது."

மோட்டார் சத்தம் கேட்டால் தூங்குகிற நாய். நர்ஸம்மா குனிந்து பொட்டலத்தைப் பார்த்தாள். அது அவருடைய பூட்ஸ் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது.

"அப்புறமும் இருக்கே" என்றார் டாக்டர்.

"அது வேண்டாம் டாக்டர், அது வீட்டு விஷயம்" என்று மெக்கானிக் கையை நீட்டினார். அதற்குள் நர்ஸம்மா நோட்டைப் பறித்துவிட்டாள். அவருடைய கட்டை எழுத்தை வாசிக்க அவளுக்கு யார் உதவியும் வேண்டாம்.

ஜூலை 15. தாயையும் ஒரு குட்டியையும் பேக்கரிக்காரர் கூட்டிப்போனார். ஒண்ணு வாட்ச்மேன் வீட்டுக்கு. வெள்ளைக் காது மிச்சம்.

ஜூலை 16. மழை. மாலை 4.10. நிழற்குடை பெஞ்சுக்கு அடியில், என் வேலையிட ரெயின்கோட்டில். பாப்பா பஸ் 4.20.

4.22. எடுத்துக்கிட்டா.

6.00. வேண்டவே வேண்டாம் என்று சத்தம் போடணும்.

6.40. அவள் வேணும்னு சொல்லிட்டா.

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது. பெரிய பழுது சரியானால்தான் அவர் இரண்டு கோடு இழுப்பார்.

நர்ஸம்மா நோட்டை மூடினாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எதிர்ச் சாரியில் மழையில் நனைந்தபடி, ரெயின்கோட் இல்லாமல், மகள் குனிந்து தூக்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நீலச் சட்டைதான் கண்ணுக்குள் நின்றது. அன்று அவர் தொப்பலாக வந்து தும்மியதும், அவள் கஷாயம் போட்டுக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது.

"மூணு வருஷமா நடிச்சீங்களா?"

"பாதியில விட்டா நீ கண்டுபிடிச்சிடுவ" என்றார் பரிதாபமாக. "நான் வேணும்னு சொன்னா நீ வேணாம்ப. இது எனக்கு எப்பவோ தெரியும்."

நாய் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொட்டலத்தின் வாயைத் திறந்து பல்லை ஒரு முறை பார்த்தார், கடமைக்கு. பிறகு பேனாவை எடுத்து, பிறப்பை நேரில் கண்டவரின் குறிப்பேட்டின்படி என்று காரணம் எழுதி, இரண்டு காகிதத்திலும் தேதியைத் திருத்தி, டொம் டொம் என்று முத்திரை குத்தினார். இரண்டே முக்காலுக்கு ஆபீஸரம்மா அதைப் படித்துப் பார்த்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் கடைசி டிக் விழுந்தது.

தேதி மாறியதை மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. "டாக்டர் பல்லை நல்லாப் பார்த்துச் சொன்னார்" என்றாள் நர்ஸம்மா, கண்ணைக் கூடச் சிமிட்டாமல். பெஞ்சுக்கு அடியிலிருந்து தான் கண்டெடுத்தேன் என்பது அந்தப் பிள்ளையின் பெருமை. அதில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. மகள் கொஞ்சம் முகம் வாடி, பிறகு வருஷத்துக்கு இரண்டு கேக் என்று கணக்குப் போட்டுத் தேறிவிட்டாள். இப்போது அந்த வீட்டில் பொய் சொல்லாதது பொட்டலம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் பெட்டியைத் தராசில் வைத்தார்கள். கதவில் தண்ணீர்க் கிண்ணம், மேலே உயிருள்ள விலங்கு என்ற ஸ்டிக்கர். வீட்டு வாசனைக்கு ஒரு உடுப்பு வைக்கலாம் என்று ஊழியர் சொன்னதும் மகள் தன் பழைய ஸ்வெட்டரை வைத்தாள். நர்ஸம்மா கைப்பையிலிருந்து ஒரு துவைக்காத நீலச் சட்டையை எடுத்து அதன் அடியில் விரித்தாள்.

"அப்பா சட்டையா? எதுக்கும்மா? அப்பாவுக்குத்தான் பொட்டலத்தைப் பிடிக்காதே!"

"கிழிஞ்ச சட்டை. தூக்கித்தானே போடணும்."

மகள் நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். நர்ஸம்மா வெள்ளைக் காதை நீவிக் கொடுத்தாள். சரக்கு ஊழியர், "சார், நீங்க?" என்று கேட்டார். மெக்கானிக் பழக்க தோஷத்தில், "எனக்கென்ன, அது ஒரு நாய்" என்று ஆரம்பித்தார். ஆனால் குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

"போதும். போங்க" என்றாள் நர்ஸம்மா மெதுவாக.

அவர் மண்டி போட்டார். தலையைப் பெட்டிக்குள் விட்டு என்னவோ பேசினார், வெளியே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. பெட்டி மட்டும் வாலாட்டலில் டக டகவென்று அடித்துக்கொண்டது. மகள் வாயைப் பிளந்தாள். "இப்பத்தான் ரெண்டு பேரும் சமாதானம் ஆனாங்க" என்று நர்ஸம்மா அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

விமானத்தில் அவர் சாப்பிடவில்லை. கால்களைத் தரையில் அழுத்தி, அடியில் ஓடும் இரைச்சலைக் காதால் அளந்துகொண்டே இருந்தார். கடைசியில், "மோட்டார் சத்தம் நல்லா இருக்கு. தூங்கியிருப்பான்" என்றார்.

அங்கே இறங்கியதும் ஒரு அதிகாரி வந்து பெட்டிக் கம்பி வழியாக ஒரு கருவியை நீட்டினார். அது பீப் என்றது. நம்பரைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், தேதிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். மூன்றிலும் மே இருபத்தெட்டு. கதவு திறந்தது. நீட்டிய மகளின் கையைத் தாண்டி, நர்ஸம்மாவின் காலைத் தாண்டி, பொட்டலம் நேராக அவர் மேல் பாய்ந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்.

"அப்பா!" என்றாள் மகள்.

மெக்கானிக்கின் ஒரு கை சட்டைப் பையைத் தடவியது. நோட்டுக்காகத்தான். ஆனால் இரண்டு கையும் நாய்க்கே போதவில்லை. நர்ஸம்மா குனிந்து, அவர் பையிலிருந்து அதை எடுத்து, முழங்கால் மேல் வைத்து எழுதினாள்.

மாலை 5.35. எடுத்துக்கிட்டோம்.

கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரியும் சேர்த்தாள்.

அன்னைக்கு நீங்க நேராக் கேட்டிருந்தா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நல்லவேளை கேக்கல.

அடியில் இரண்டு கோடு இழுத்து, நோட்டை அவர் பையில் திரும்பச் செருகினாள்.